பி.எஸ்சி. உயிரியல் முதலாண்டு: நம் பிள்ளைகளிடம் கல்லூரி எதிர்பார்ப்பது என்ன?

பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வந்து ஓய்ந்த பிறகு நம் வீடுகள் பலவற்றில் ஒரே மாதிரியான பேச்சு நடக்கிறது. "டாக்டர் சீட் கிடைக்கல. சும்மா வீட்ல இருக்கிறதுக்கு ஜுவாலஜியிலயாவது சேர்த்துவிடுவோம்." அந்த 'யாவது' என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வீடு அதை இரண்டாம் தரப் படிப்பாக நினைக்கிறது. பிள்ளையும் அதே நினைப்போடு வகுப்பில் போய் உட்கார்கிறது. முதல் செமஸ்டர் முடிவு வரும்போது இரண்டு மூன்று பாடங்களில் அரியர் நிற்கிறது.

விலங்கியலோ தாவரவியலோ எளிதான படிப்பு அல்ல. அதே சமயம், ஒழுங்காக உழைக்கும் சராசரி மாணவருக்கு எட்டாத படிப்பும் அல்ல. முதலாண்டில் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியாமல் போவதால்தான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். குறிப்பாக, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஆகவே தமிழகத்தின் கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு உயிரியல் மாணவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றோரும் புரிந்துகொள்ளும்படி இங்கே விளக்குகிறோம். தன்னாட்சிக் கல்லூரிகளில் சிறு சிறு மாற்றங்கள் இருக்கலாம். அடிப்படை ஒன்றுதான்.

வாரத்தில் என்னென்ன பாடங்கள்?

"உயிரியலில் சேர்ந்தால் உயிரியல் மட்டும்தான்" என்று நினைப்பது முதல் தவறு. பாடங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் பகுதி மொழிப்பாடம். தமிழ், அல்லது கல்லூரியில் வசதி இருந்தால் அரபி, உருது போன்றவை. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில்தான் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் வருகின்றன. நான்காம் பகுதியில் திறன் வளர்ப்பு, சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி போன்றவை. ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்ற வகுப்புக்கு வெளியே உள்ள பணிகள்.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மொழிப்பாடமாக அரபியோ உருதுவோ எடுத்தால் தமிழ் முழுதும் விலகிவிடாது. பள்ளியில் தமிழ் படிக்காதவர் நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர் சிறப்புத் தமிழ் எழுத வேண்டும். இது தெரியாமல் அந்தத் தாளைக் கவனிக்காமல் விட்டால், முதன்மைப் பாடமெல்லாம் தேறிய பிறகும் பட்டம் நின்றுவிடும்.

துணைப்பாடம் இன்னொரு கண்ணி. விலங்கியல் மாணவருக்கு வேதியியலோ தாவரவியலோ துணைப்பாடமாக வரும். வேதியியல் வந்தால் அதற்குத் தனியாக ஆய்வகம், தனியாக ரெக்கார்டு, பியூரெட் பிப்பெட் வைத்துச் செய்யும் பருமனறி பகுப்பாய்வு எல்லாம் உண்டு. "எனக்கு ஜுவாலஜி நல்லா வரும், கெமிஸ்ட்ரிதான்..." என்று பிள்ளை இழுத்தால், அதை முதல் மாதத்திலேயே கவனிக்க வேண்டும். துணைப்பாடத்தில் தேறாமலும் பட்டம் கிடையாது.

பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் என்ன வேறுபாடு?

பிளஸ் டூ உயிரியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். அதில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. அரசு தரும் பாடநூல் உண்டு. அதன் பின்பக்க வினாக்களைப் படித்தாலே ஓரளவு மதிப்பெண் வந்துவிடும்.

கல்லூரியில் அப்படிப்பட்ட பாடநூல் கிடையாது. பாடத்திட்டம் ஓரிரு பக்கங்களில் ஐந்து அலகுகளாக அச்சிட்டுத் தரப்படும். ஒவ்வோர் அலகுக்கும் உரிய செய்தியை மாணவர்தான் நூலகத்தில் தேடி எடுக்க வேண்டும். முதுகெலும்பற்றவை என்றால் ஜோர்டன் - வர்மா, கோட்பால், ஏகாம்பரநாத ஐயர் - அனந்தகிருஷ்ணன் எழுதிய நூல்களைத்தான் பேராசிரியர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். விலை கொடுத்து எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. நூலக அட்டையை முதல் வாரமே வாங்கிவிட்டால் போதும்.

விலங்கியல் முதலாண்டு பெரும்பாலும் முதுகெலும்பற்ற உயிர்களில் தொடங்கும். ஒரு செல் உயிரான பாரமீசியம் முதல் கடல் நட்சத்திரம் வரை. பிறகு மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று முதுகெலும்புள்ளவை. தாவரவியல் என்றால் பாசி, பூஞ்சை, பிரையோஃபைட்டு, டெரிடோஃபைட்டு என்ற வரிசை. ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் உயிரை எடுத்துக்கொண்டு அதன் உடலமைப்பு, செரிமானம், இனப்பெருக்கம் என்று முழுமையாகப் படிப்பார்கள். பள்ளியில் ஒரு பத்தியில் முடிந்த மண்புழு இங்கே பல வகுப்புகளுக்கு நீளும்.

தேர்வு மூன்று மணி நேரம். பொதுவாக 2 மதிப்பெண், 5 மதிப்பெண், 10 மதிப்பெண் என மூன்று பிரிவுகள். 10 மதிப்பெண் வினாவுக்குப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, துணைத்தலைப்பிட்டு நான்கைந்து பக்கம் எழுத வேண்டும். படம் இல்லாத உயிரியல் விடை பாதி விடைதான்.

மதிப்பெண் கணக்கு

ஒரு தாளுக்கு 100 மதிப்பெண். பல பல்கலைக்கழகங்களில் அதில் 25 அக மதிப்பெண், அதாவது இன்டர்னல். மீதி 75 பல்கலைக்கழகத் தேர்வு. அகத் தேர்வுகள், ஒப்படைப்பு எனப்படும் அசைன்மென்ட், கருத்தரங்கு, வருகை ஆகியவற்றைப் பார்த்து இன்டர்னல் போடப்படுகிறது. இதைக் கடைசி வாரத்தில் சேர்த்துவைத்துச் சம்பாதிக்க முடியாது. ஒரு டெஸ்ட் போனால் போனதுதான்.

தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும். அத்தோடு பல பல்கலைக்கழகங்களில் 75இல் தனியாக 40 சதவீதம், அதாவது 30 மதிப்பெண் எடுக்க வேண்டும். இன்டர்னலில் 22 வாங்கிய பிள்ளை தேர்வில் 28 எடுத்தால் கூட்டல் 50 வருகிறது. ஆனாலும் தேர்ச்சி இல்லை. "ஐம்பது எடுத்தும் ஃபெயிலா?" என்று வீட்டில் குழம்புவது இதனால்தான்.

வருகைப்பதிவு இன்னொரு கணக்கு. ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாட்கள். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். அப்படியானால் 68 நாட்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும். மிச்சம் 22 நாட்கள்தான். காய்ச்சல், குடும்பத்துக் கல்யாணம், வலீமா, ஊருக்குப் போவது, பெருநாளுக்கு முன்பின் எடுக்கும் விடுப்பு எல்லாம் அந்த 22க்குள் அடங்க வேண்டும். 75க்குக் கீழே போனால் தக்க காரணம் காட்டி அபராதக் கட்டணம் கட்டும் வழி ஓரளவுக்கு உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த முறை தேர்வெழுத முடியாது. மிகவும் குறைந்தால் அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க நேரிடும். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் பிள்ளையை நிறுத்துமுன் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

ஆய்வகம்: பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

"தவளையை அறுக்கணுமா?" என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்கு அறுவையைப் படிப்படியாக நிறுத்துவதற்கு வழிகாட்டுதல் தந்தது. 2014இல் விலங்கியல் வகுப்புகளில் அதை நிறுத்தும்படி அறிவித்தது. முந்தைய தலைமுறை தவளையை அறுத்துப் படித்ததை இன்று படங்கள், மாதிரிகள், கணினிக் காட்சிகள் வழியாகப் படிக்கிறார்கள்.

ஆய்வகத்தில் செய்வது வேறு. வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் செல் பிரியும் நிலைகளும் குரோமோசோம்களும் தெரியும். குளத்து நீரின் ஒரு துளியில் நீந்தும் நுண்ணுயிர்களைக் காணலாம். விரல் நுனியில் எடுத்த துளி இரத்தத்தை ஆன்டி-ஏ, ஆன்டி-பி நீர்மங்களோடு கலந்து, எதில் திரிகிறது என்று பார்த்து இரத்த வகையைக் கண்டுபிடிப்பார்கள். கண்ணாடிக் குடுவைகளில் ஃபார்மலினில் இட்டுவைத்த உயிரினங்களைப் பார்த்து வரைவார்கள்.

முதலில் அப்சர்வேஷன் நோட்டு. அதில் ஆசிரியர் கையெழுத்து. அதன்பின் ரெக்கார்டு. கோடில்லாத பக்கத்தில் பென்சிலால் படம், கோடிட்ட பக்கத்தில் குறிப்பு. பாகம் குறிக்கும் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவையாக, ஒன்றையொன்று வெட்டாமல் இருக்க வேண்டும். செமஸ்டர் முடிவில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட சான்று அந்த ரெக்கார்டில் இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்குள் விடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணம் கொடுத்து வெளியில் ரெக்கார்டு வரைந்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வீட்டில் அக்காவோ மச்சியோ வரைந்து தருவதும் உண்டு. 'இது இந்த மாணவர் தாமே செய்த பணி' என்பதுதான் முதல் பக்கச் சான்றின் பொருள். அதன்மேல் பொய் சொல்லிப் பெறும் மதிப்பெண்ணை நாம் பிள்ளைக்குப் பழக்கலாமா? மார்க்கம் ஒருபுறம் இருக்க, உலகக் கணக்கிலும் அது நட்டம். கையால் வரைந்தவருக்குத்தான் தேர்வறையில் படம் வரும்.

செய்முறைத் தேர்வில் 'ஸ்பாட்டர்' என்று ஒரு பகுதி உண்டு. மேசையில் வரிசையாகச் சில மாதிரிகள் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் முன்னும் சில நிமிடங்கள்தான். அது என்னவென்று கண்டுபிடித்து, படம் வரைந்து, சிறப்புகளை எழுதிவிட்டு மணி அடித்ததும் அடுத்ததற்கு நகர வேண்டும். புத்தகப் படத்தை மட்டும் பார்த்துப் படித்தவர் இங்கே திணறுவார். குடுவையில் இருப்பது நிறம் வெளுத்து, சுருங்கி, வேறு கோணத்தில் இருக்கும். ஆகவே ஆய்வக வகுப்பை ஒருநாளும் தவறவிடக் கூடாது. எழுத்துப் பாடத்துக்கு நண்பனின் குறிப்பு கிடைக்கும். ஆய்வகத்தில் கண்ணால் கண்டதை யாரும் கடன் தர முடியாது.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு

முதல் மாதத்தில் தமிழ் வழி மாணவரை உடைப்பது பாடத்தின் கடினமல்ல, பெயர்கள்தான். "ஒன்னுமே புரியல உம்மா" என்று பிள்ளை சொல்வது இதைத்தான். உண்மையில் அந்தப் பெயர்கள் ஆங்கில வழி மாணவருக்கும் புதிதுதான். அவை கிரேக்கம், லத்தீன் சொற்கள்.

தமிழ் வழி மாணவரிடம் ஒரு சாவி ஏற்கெனவே இருக்கிறது. பள்ளியில் படித்த தமிழ்ப் பெயர்கள் பலவும் அந்த அயற்சொற்களின் பொருளை அப்படியே சொல்பவை. கணுக்காலி என்பதுதான் ஆர்த்ரோபோடா. ஆர்த்ரோ என்றால் கணு, போடா என்றால் கால். முள்தோலி என்பதுதான் எகைனோடெர்மேட்டா. எகைனோ முள், டெர்மா தோல். துளையுடலி என்பது போரிஃபெரா, துளைகளைத் தாங்குவது. மெல்லுடலி மொலஸ்கா. தட்டைப் புழு பிளாட்டிஹெல்மின்தஸ். ஒரு சிறு நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலப் பெயர், அதன் பொருள் என்று நாளைக்கு ஐந்து சொல் எழுதினால், ஒரு செமஸ்டரில் தேவையான சொற்கள் கைவசம் வந்துவிடும்.

ஆங்கில வழிப் பாடமானாலும் மாணவர் தம் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் நடைமுறை என்ன என்பதை முதல் வாரத்திலேயே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுத முடியுமென்றாலும் அறிவியல் பெயர்களைக் கற்பதை விடக் கூடாது. மேற்படிப்பும் வேலையும் அந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் வளர்ந்த பிள்ளை, பாடத்தில் வரும் நண்டு, இறால், சங்கு, கணவாய், சொறி எல்லாவற்றையும் சின்ன வயதிலேயே கையில் எடுத்துப் பார்த்தது. முத்துக்கும் சங்குக்கும் கடல் வணிகம் நடத்திய மரபு நம்முடையது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்காவாக இருப்பதும் நம் வாசலில்தான். ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு காலைப்பொழுது நோட்டும் பென்சிலுமாக நின்றால் அது ஓர் ஆய்வக வகுப்புக்குச் சமம். ஒரே எச்சரிக்கை: மாதிரி சேகரிக்கிறேன் என்று கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவற்றை எடுத்துவரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நீட் மறுமுறை எழுதுவோருக்கு

கல்லூரியிலும் சேர்ந்து, நீட் பயிற்சியும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் உயிரியல்தானே, ஒன்றுக்கொன்று உதவும் என்று வீட்டில் நினைக்கிறோம். நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண், உயிரியலுக்கு 360. மறுபாதி இயற்பியலும் வேதியியலும். கல்லூரி விலங்கியல் வகுப்பில் இயற்பியல் கிடையாது. நீட் கேட்பதோ பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தின் நுணுக்கம். கல்லூரி கேட்பது ஒவ்வொரு தொகுதியின் விரிவு. பாதைகள் வேறு. நீட் வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. இரண்டாம் செமஸ்டர் தேர்வுகளும் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டித்தான் வருகின்றன.

மறுமுறை எழுதக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு வருடம் அதற்கென்றே ஒதுக்குவதா, கல்லூரியை முழு மனதோடு படிப்பதா என்பதை வாப்பாவும் உம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். முடிவெடுக்காமல் இரண்டிலும் காலை வைப்பதுதான் ஆபத்து. அதன் விலையைச் செலுத்துவது பிள்ளைதான்.

வெள்ளிக்கிழமையும் ரமளானும்

வெள்ளி மதியம் செய்முறை வகுப்பு வந்தால் ஜும்ஆவுக்குச் சிக்கலாகும். ஆய்வக மாணவர்களைப் பெரும்பாலும் இரண்டு குழுக்களாகப் பிரிப்பார்கள். நாள் ஒழுங்கு அட்டவணை வந்தவுடன் துறைத்தலைவரிடம் மரியாதையோடு எழுதிக் கேட்டால் குழுவை மாற்றிக்கொள்ள வழி கிடைக்கலாம். சொல்லாமல் வகுப்பை விடுவது மட்டும் கூடாது.

இப்போதைய ஆண்டுகளில் ரமளான் இரண்டாம் செமஸ்டருக்குள் வருகிறது. அகத் தேர்வும் ரெக்கார்டு வேலையும் குவியும் காலம் அது. ஷஅபான் மாதத்திலேயே அதுவரையான படங்களை முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், நோன்பில் இரவு விழித்து வரைய வேண்டியிருக்காது. ஸஹருக்குப் பின் ஒரு மணி நேரம் படிப்பதை வழக்கமாக்கலாம்.

மாணவியர் ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கின் அருகே நிற்கும்போது ஹிஜாபின் முனைகளை வெள்ளைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். வழுக்கும் சிந்தெடிக் துணியைவிடப் பருத்தித் துணி பாதுகாப்பானது.

வீடு செய்ய வேண்டியது

முதலாண்டில் அரியர் வைத்தாலும் இரண்டாமாண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வீட்டுக்குச் செய்தி வருவதில்லை. மூன்றாண்டு முடிந்து, எல்லாரும் பட்டம் வாங்கும்போதுதான் நம் பிள்ளைக்கு ஐந்தாறு தாள் நிற்பது தெரிகிறது. பையன் என்றால் விசா எடுத்து அனுப்பிவிடுகிறோம். பெண் என்றால் கல்யாணத்தோடு படிப்பு முடிந்துபோகிறது. மூன்று வருட உழைப்பும் செலவும் சான்றிதழ் இல்லாமல் நின்றுவிடுகின்றன.

இதைத் தடுக்க, பாடம் தெரிந்த பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை மூன்று கேள்விகள் போதும். ரெக்கார்டில் கடைசியாக எந்தத் தேதிக்குக் கையெழுத்து இருக்கிறது? வருகை எத்தனை சதவீதம்? எந்தத் தாள் பயமாக இருக்கிறது? முதல் இரண்டுக்கும் பதில் காகிதத்தில் இருக்கும். மூன்றாவதைக் கோபப்படாமல் கேட்டால் பிள்ளை சொல்லிவிடும். அரியர் இருந்தால் திட்டுவதைவிட, அடுத்த தேர்விலேயே கட்டி எழுத வைப்பதுதான் வேலை.

பெண் பிள்ளைக்கு மாலை ஆய்வகம் முடிந்து வரத் தாமதமாகும். வந்ததும் அடுக்களை வேலை காத்திருந்தால் ரெக்கார்டு எப்போது வரைவது? ஆண் பிள்ளைக்குக் கொடுக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை அவளுக்கும் கொடுப்போம்.

மஹல்லா அளவிலும் செய்ய முடியும். மூன்றாமாண்டு மாணவர்களின் பழைய புத்தகங்களைச் சேர்த்து முதலாண்டுக்குக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்ரஸா அறையில், ஊரில் வேதியியல் தெரிந்த ஓர் ஆசிரியரை வைத்து துணைப்பாட வகுப்பு நடத்தலாம். பெரிய செலவு எதுவும் இல்லை.

இந்தப் படிப்புக்குப் பின் வழியில்லை என்பதும் உண்மையல்ல. எம்.எஸ்சி., பி.எட்., ஆய்வகத் தொழில்நுட்பம், மீன்வளம், ஆராய்ச்சி என்று பாதைகள் பல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது. இரண்டும் நம் மக்கள் நிறைந்த கடற்கரையில்தான். அங்கே உள்ளே போகும் வழி முதலாண்டு ஆய்வகத்தில், வெங்காய வேரை நசுக்கி முதல் குரோமோசோமைப் பார்க்கும் நாளில் தொடங்குகிறது. 'ஜுவாலஜியிலயாவது' என்பதை விட்டுவிட்டு, 'ஜுவாலஜி படிக்கிறாள்' என்று சொல்லி அனுப்புவோம். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளும் அப்படியே நினைத்துப் படிப்பார்கள்.